உணவறிவு

உணவு வயிற்றை நிரப்பினால் மட்டும் போதாது. உடலை வளர்க்கவும் காக்கவும் வேண்டும். மாவுச்சத்து ஆற்றல் தரும். புரதம் தசையை வளர்க்கும். உயிர்ச்சத்துகளும் தாது உப்புகளும் நோய் அணுகாமல் காக்கும். இவற்றைச் சிறுவர் பலர் பிழையின்றி ஒப்பிப்பர். ஆனால், இலையில் இட்ட கீரையை ஒதுக்கிவிட்டு எழுவர். ஏட்டில் கற்றது உண்கலத்தை எட்டவில்லை.

ஆகவே, சத்துகளின் பெயரினும் காரணத்தைக் கற்பித்தலே பயன் தரும். 1890-களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளரிசியையே தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதைக் கண்டார். தவிடு நீங்காத அரிசியை உண்டபின் அவை நலம் பெற்றன. மக்களை வருத்திய பெரிபெரி நோயின் காரணத்தை அறிய இதுவே வழிகாட்டியது. தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவே அந்நோய்க்குக் காரணம்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்தில் ஒரு பகுதி அரிசியினுள் சென்று தங்குகிறது. அதனால், தீட்டிய பச்சரிசியினும் புழுங்கலரிசி சிறந்தது. அரிசியைப் பன்முறை கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் அச்சத்தைப் போக்கிவிடும். இவற்றை அறிந்த சிறுவன் தவிட்டை இகழான். வடித்த கஞ்சியை வீணாக்கவும் மனம் கொள்ளான்.

மாலைக்கண் வாராமல் காக்கும் சத்து முருங்கைக்கீரையில் உண்டு. ஈறுகளைக் காக்கும் சத்து நெல்லிக்கனியில் உண்டு. இவற்றைக் காரணத்தோடு உணர்ந்தால், விலை மிகுந்த பண்டமே சத்துடையது என்னும் மயக்கம் நீங்கும்; எளியவர் வீட்டுப் பிள்ளையும் நலமுடன் வளர வழி பிறக்கும். பள்ளியில் பிள்ளைகள் ஒருங்கே அமர்ந்து உண்ணும் நண்பகலே இப்பாடத்திற்கு ஏற்ற வேளை. கண்ணால் கண்டு, கையால் எடுத்து, காரணம் அறிந்து உண்ட உணவின் பாடம் வாழ்நாள் முழுதும் மறவாது.