மென்மையே ஆபத்தாகும் இடம்

சுவரில் எறிந்த பந்து திரும்பி வரும். மணற்குவியலில் எறிந்த பந்து அங்கேயே தங்கிவிடும். சிறு பிராயத்தில் இதைக் கண்டறிந்த நாம், கடினமான பொருள் தன்மேற் பட்டதைத் திருப்பி அனுப்பும் என்றும், மென்மையான பொருள் அதனை ஏற்றுக்கொள்ளும் என்றும் ஒரு முடிவை உள்ளத்திற் பதித்துவிடுகின்றோம். பெரும்பாலும் அது சரியான முடிவே. ஆயினும், அதனை நம்பி நடப்பவருடைய கண் பறிபோகக்கூடிய இடம் ஒன்றும் உண்டு. துப்பாக்கி சுடும் பயிற்சிக் களமே அது.

காகிதத்தில் வரைந்த வட்டங்களை நோக்கிச் சுடுவது பழைய முறை. குறி தப்பியதா, தப்பவில்லையா என்று அறிய ஒவ்வொரு முறையும் அருகே சென்று பார்த்தல் வேண்டும். இலக்கு உருக்குத் தகடானால், குண்டு பட்ட கணத்திலேயே மணி அடித்தாற்போல ஒலி கேட்கும். மெக்சிக்கோவில் வளர்ந்த ஒரு போட்டியிலே கோழி, காட்டுப்பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா ஆகியவற்றின் உருவில் வெட்டப்பெற்ற தகடுகளை முறையே 200, 300, 385, 500 மீற்றர் தூரங்களில் நிறுத்திச் சுட்டு வீழ்த்துவர். அமெரிக்காவிலோ தமது சொந்த நிலத்திலேயே இத்தகைய இலக்கை நாட்டிப் பிள்ளைகளையும் பழக்கும் குடும்பங்கள் உண்டு.

அத்தகைய தந்தை ஒருவர் பழைய இரும்புக் கடைக்குச் செல்கின்றார் என வைத்துக்கொள்வோம். நல்ல தடிப்பான தகடு ஒன்று மலிவாகக் கிடைக்கின்றது. சாதாரண மென்னுருக்குத்தான், “மென்மையானது என்றால் குண்டு திரும்பி வாராது, அதுவும் நன்மையே” என்று அவர் எண்ணுகின்றார். இங்கேதான் தவறு நேர்கின்றது.

ஈயக் குண்டு கடினமான, மட்டமான தகட்டில் மோதும்போது தானே நொறுங்கிவிடுகின்றது. அதன் துணுக்குகள் தகட்டின் முகத்தை ஒட்டியே நாற்புறமும் சிதறுகின்றன. சுட்டவரை நோக்கி வருவது அரிது. மென்னுருக்கோ குண்டுக்கு இடங்கொடுத்துக் குழிகின்றது. அடுத்த குண்டு அக்குழியில் விழுந்தால், அதன் துணுக்குகள் கிண்ணத்தின் வளைவில் ஓடும் நீரைப்போலத் திரும்பி, வந்த வழியே பாய்கின்றன. தகட்டின் கடினம் அன்று, அதில் விழுந்த குழியே பகையாகின்றது.

அப்படியானால் கடினத்தை அளப்பது எவ்வாறு? சுவீடன் தேசத்துப் பொறியியலாளரான பிரினெல் என்பார் 1900ஆம் ஆண்டில் எளிய வழியொன்றை வெளியிட்டார். 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள கடினமான குண்டுமணி ஒன்றை 3000 கிலோகிராம் பாரத்தால் உலோகத்தின்மேல் அழுத்தி, பதிந்த வடுவின் விட்டத்தை அளத்தலே அவ்வழி. சாதாரண மென்னுருக்கில் வடு ஏறக்குறைய 5½ மில்லிமீற்றர் அகலம் இருக்கும். பிரினெல் எண் 120 அளவில் வரும். இலக்குக்கு உகந்த உருக்கிலோ வடு 2¾ மில்லிமீற்றரைத் தாண்டாது. எண் 500ஐ அண்மும். இவ்வுருக்கு துப்பாக்கிக்கென்று பிறந்ததன்று. சுரங்கங்களில் கல்லும் மண்ணும் ஏற்றும் வண்டிகளின் தட்டுகள் தேயாதிருக்கும்பொருட்டு ஆக்கப்பட்டது.

கடினம் மிகுந்தால் மட்டும் போதுமா? போதாது. எங்கள் கிராமத்துக் கொல்லர்களைக் கேளுங்கள். பழுக்கக் காய்ச்சிய கத்தியை நீரில் தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் அந்நிலையிலேயே விட்டால் அலகு கண்ணாடிபோல் தெறித்துவிடும். ஆகவே மீண்டும் இளஞ்சூடு காட்டி அதன் முரட்டுத்தனத்தைச் சற்றே தணிப்பர். ஆலையில் உருவாகும் தகட்டுக்கும் இதுவே விதி. கடினமும் உரமும் ஒருங்கே அமைந்தாற்றான் அது நொறுங்காமலும் குழியாமலும் நிற்கும்.

நெருப்பால் வந்த இந்தக் குணம் நெருப்பாலேயே போய்விடும் என்பதும் நினைவிருத்தற்குரியது. வெப்பம் 250 பாகை செல்சியசை மிஞ்சினால் இத்தகைய தகடு தன் கடினத்தை இழக்கத் தொடங்குகின்றது. வாயுச் சுவாலையால் வெட்டிய தகட்டின் விளிம்பும், கொளுவி தொங்கவிடுவதற்காக ஒட்டுவேலை செய்த இடமும் மென்மையாகிவிடும். கண்ணுக்கு மட்டும் எல்லாம் ஒரேமாதிரி தோன்றும். இதனாலேயே, வலிய நீர்த்தாரையால் வெட்டப்பெற்ற தகடு சிறந்ததெனக் கொள்ளப்படுகின்றது.

நல்ல தகட்டை வாங்கியபின்னும் கடமை முடிவதில்லை. கைத்துப்பாக்கிக்கும் றைபிளுக்கும் பொதுவாகப் பயன்படுவது சுமார் 10 மில்லிமீற்றர் தடிப்பு. கைத்துப்பாக்கியால் 10 யாருக்கும், றைபிளால் 100 யாருக்கும் கிட்ட நின்று சுடலாகாது என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் விதி. வினாடிக்கு 3000 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து மோதும் குண்டு நல்ல தகட்டையும் குழியச்செய்யும். உருக்கு உள்ளீடு கொண்ட குண்டுகளை அறவே விலக்கல் வேண்டும். தகட்டின் மேல்விளிம்பு சுடுபவர் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும்படி சங்கிலியில் தொங்கவிட்டால், துணுக்குகள் பெரும்பாலும் நிலத்தை நோக்கிச் செல்லும். சுடுபவர் மட்டுமன்றி, வேடிக்கை பார்க்க நிற்கும் குழந்தையும் பாதுகாப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் சுடுவதற்குமுன் தகட்டைத் தடவிப் பார்த்தல் நன்று. குழியோ வெடிப்போ தென்பட்டால் இரக்கமின்றி அதனைக் கழித்துவிட வேண்டும்.

எம் வாசகர்களிற் பெரும்பாலோருக்கு உருக்கு இலக்கு வாங்கும் தேவை நேரப்போவதில்லை. எனினும், இவ்விடயத்தில் எல்லோருக்கும் பொருந்தும் பாடம் ஒன்றுண்டு. பழைய இரும்புக் கடையில் நின்ற அத்தந்தை கஞ்சரும் அல்லர், கவனமற்றவரும் அல்லர். பந்தையும் சுவரையும் கண்டு தாம் பெற்ற அனுபவத்தை, அது செல்லாத இடத்திற்குக் கொண்டுசென்றார், அவ்வளவே. மேற்பூச்சும் தடிப்பும் ஒன்றாயிருக்கும் இரு தகடுகளை வெறுங்கண் வேறுபிரித்து அறியாது. குண்டுமணி பதித்த சிறு வடுவே உண்மையைச் சொல்லும். தகட்டின் பெயரைக் கேட்டு வாங்காது, ஆலை அளித்த சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குபவரே தம் பிள்ளையின் கண்ணைக் காத்தவராவர்.