இடிபாடு குப்பை அல்ல!

காஞ்சீபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருக்கிறது வல்லம் வடகால்.

இன்று அது தொழிற்சாலை ஊர். ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் அங்கே தயாராகிறது. தொழிற்சாலைப் பெண்களுக்காக சிப்காட் நிறுவனம் கட்டிய விடுதி, 2024 ஆகஸ்டு 17-ந் தேதி திறக்கப்பட்டது. 13 கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் 240 அறைகள். அறைக்கு 6 பேர். மொத்தம் 18,720 பேர் தங்கலாம். செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய்!

இப்படிக் கட்டுவதற்கு ஜல்லி வேண்டும், மணல் வேண்டும். ஜல்லிக்காக மலையை உடைக்கிறார்கள். இப்போது மணலையும் கருங்கல்லை அரைத்துத்தான் எடுக்கிறார்கள்.

புதுக் கட்டடம் எழும் இடங்களில் பழைய கட்டடம் விழுகிறது. சாலையை அகலப்படுத்தினால் சுவர்கள் விழுகின்றன. அந்தக் கல்லும் காரையும் எங்கே போகின்றன?

பல ஊர்களில் நடப்பது இதுதான். இரவில் லாரி வரும். ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போய்விடும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிகள் நிறைந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால், உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அது சென்னை மக்கள் குடிக்கும் தண்ணீர். ஏரிக்குள் விழும் ஒவ்வொரு லாரி இடிபாடும் ஒரு லாரி தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

பாட்டி காலத்தில்

பழைய நாளில் வீட்டை இடித்தால் எதையும் வீணாக்க மாட்டார்கள். நிலைக்கதவையும் உத்திரத்தையும் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். ஓட்டை ஒன்றொன்றாக இறக்குவார்கள். செங்கல்லில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டினால் உதிர்ந்துவிடும். மறுபடி சுவர் கட்டலாம். உடைந்த செங்கல், மெத்தை வீட்டுத் தளத்துக்கு ஜல்லி ஆகும். தூளைக்கூட விட மாட்டார்கள். சுண்ணாம்போடு அரைத்துக் காரையில் சேர்ப்பார்கள்!

சிமெண்டு வந்தது. பழக்கம் போயிற்று. சிமெண்டுப் பூச்சைத் தட்டினால் பூச்சு உதிராது, செங்கல்தான் உடையும். ஆட்கள் பல நாள் இறக்கிய வீட்டை இன்று ஜே.சி.பி. ஒரே நாளில் தரைமட்டமாக்குகிறது. மரம், கம்பி, ஓடு எல்லாம் ஒரே குவியல்! பிரிக்க யாருக்குப் பொறுமை?

எந்திரம் செய்யும் வேலை

ஆனால் வழி இருக்கிறது. கான்கிரீட்டு உடைசலை எந்திரத்தில் கொட்டி நொறுக்குவார்கள். காந்தம் இரும்பை இழுத்துக்கொள்ளும். பிறகு கழுவிச் சலித்தால் ஜல்லியும் மணலும் கிடைக்கும். நடைபாதைக் கல் செய்யலாம்; சாலைக்கு அடித்தளம் போடலாம். சென்னை மாநகராட்சிக்காக கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இத்தகைய ஆலைகள் அமைக்கப்பட்டன.

வீட்டுக்கு இந்த ஜல்லி ஆகுமா? அளவோடு ஆகும். இந்தியத் தர நிர்ணயம் 2016-ல் இதற்கு இடம் கொடுத்தது. கம்பி போடாத கான்கிரீட்டில், ஜல்லியில் 25 சதவீதம் வரை இதைச் சேர்க்கலாம். கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம். அதுவும் நடுத்தர வலிமை வரை மட்டுமே. உடைசலைத் தெருவில் அள்ளி அப்படியே தூணுக்குப் போடுவது ஆபத்து. வளைந்த பழைய கம்பியை நிமிர்த்திப் போடுவதும் அப்படித்தான். அதை இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம்.

மத்திய அரசு 2025-ல் புதிய விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அமல். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவோர், இடிபாட்டை மறுபடி பயனாக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

விதி நல்லதுதான். ஆனால் லாரிக்காரர் வாடகையைப் பார்ப்பார். ஆலை தூரத்தில், ஏரி பக்கத்தில். வெல்வது ஏரிதான்! ஆகவே வல்லம் வடகால் போன்ற தொழிற்பூங்காக்களில் நொறுக்கும் ஆலைக்கு ஒரு மூலை ஒதுக்க வேண்டும். அங்கே கிடைக்கும் ஜல்லியைப் பூங்காவின் சாலைகளுக்கு முதலில் அரசே வாங்க வேண்டும். வாங்க ஆள் இல்லாத சரக்கை எந்த ஆலையும் செய்யாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியதும் உண்டு. இடிக்க விடுவதற்கு முன்பே, கதவு, சன்னல், மரம், ஓடு ஆகியவற்றைத் தனியே இறக்கும்படி பேசிக்கொள்ள வேண்டும். பர்மா தேக்குக் கதவு என்றால் பழைய மரக்கடையில் நல்ல விலை. இது இடிக்க வருகிறவருக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத்தான் பல நேரம் தெரிவதில்லை!