பாலமா, பாதி வழியா?

கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தீண்டுவதில்லை. பொருளிலிருந்தே ஒளி கண்ணை வந்தடைகிறது என்று பதினோராம் நூற்றாண்டிலேயே தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் நிறுவியவர், பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம். இருட்டறைத் துளைவழி ஒளி புகுவதையும் அவர் ஆராய்ந்தார். அப்பேரறிஞரைப் பெருமையுடன் நினைவுகூரும் நம் இளைஞர்கள், கேமரா வாங்கப் புகும்போது மட்டும் ஒளியை மறந்து, கருவியின் பருமனை நோக்குகின்றனரே!

டி.எஸ்.எல்.ஆர். கருவியில், லென்ஸ் வழி வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்தியதும் அக்கண்ணாடி உயர, ஒளி உணரியின்மீது விழுகிறது. வேண்டியபோது லென்ஸைக் கழற்றி மாற்றலாம். 'பிரிட்ஜ்' எனப்படும் பாலக் கேமராவோ தோற்றத்தில் அதன் தம்பி போன்றது. உள்ளே கண்ணாடி கிடையாது, லென்ஸும் கழலாது. காட்சியைச் சிறு மின்திரையில்தான் காண வேண்டும்.

2015இல் வந்த நிக்கான் பி900 கருவியை எண்ணுக. 83 மடங்கு ஜூம்; 2000 மி.மீ. லென்ஸுக்கு நிகரான எட்டம் என்பர். உண்மையில் அதன் குவியத் தூரம் 357 மி.மீ. மட்டுமே. மாயமொன்றுமில்லை, உணரி ஏறத்தாழ 6.2க்கு 4.6 மி.மீ. அளவுள்ள சிறு துணுக்கு. ஆதலால் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே அதில் அடங்குகிறது. அதே நிறுவனத்தின் நடுத்தர டி.எஸ்.எல்.ஆர். உணரி 23.5க்கு 15.6 மி.மீ.; பரப்பில் சுமார் 13 மடங்கு. ஒளி குறையும்போது இவ்வேறுபாடு வெளிப்பட்டுவிடும். இரவு நிக்காஹ் மண்டபத்தில் சிற்றுணரிப் படம் புள்ளி புள்ளியாய்ச் சிதையும், பேருணரி தாக்குப்பிடிக்கும்.

ஆனால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் காலை வெயிலில் நிலைமை தலைகீழ். நடுநீரில் நிற்கும் கூழைக்கடாவைச் சட்டம் நிறையப் பிடிக்க, ஒரு கிலோவுக்கும் குறைந்த பி900 போதும். அதே எட்டத்தை டி.எஸ்.எல்.ஆரில் பெற 1300 மி.மீ.க்கும் மேற்பட்ட லென்ஸ் வேண்டும்; அது மாணவன் நினைத்தும் பார்க்கவியலாத விலை.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் தவணைக் கடனில் டி.எஸ்.எல்.ஆர். வாங்கி, உடன் வந்த சிறு லென்ஸைத் தவிர மற்றொன்று வாங்க வழியின்றி நிற்கும் பிள்ளைகள் உண்டு. கழற்றும் வசதிக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஒருநாளும் கழற்றாதிருப்பது என்ன கணக்கு? திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொள்பவனுக்குப் பேருணரி வேண்டும், மறுப்பதற்கில்லை. அவனும்கூட, 2008இல் தொடங்கிய கண்ணாடியில்லாக் கேமராக்கள் இன்று டி.எஸ்.எல்.ஆரைப் பின்தள்ளிவிட்டதை அறிந்து, பழைய கருவியைக் குறைந்த விலைக்குக் கேட்டுப் பார்க்கட்டும். பிறர் கடன் வாங்குவதை நான் ஏற்கவில்லை.

நம் துறைக்கு ஒரு யோசனை. பெரியவர்கள் தத்தம் இல்லங்களில் உறங்கும் அறபுத் தமிழ்க் கையெழுத்துப் படிகளை ஒருமுறை வெளியே எடுத்துத் தரட்டும். முக்காலியில் நிறுத்தி, சன்னலோர வெளிச்சத்தில், ஒளியுணர் திறனை 100இல் வைத்து, இரண்டு விநாடித் தாமதத்தில் படமெடுத்தால் எழுத்துகள் தெளிவாக விழும். ஏடு அசையாது, வெளிச்சத்துக்கும் குறைவில்லை. இதற்குப் பாலக் கேமரா ஒன்றே போதும். கல்லூரி அதனை வாங்கி, நூலகப் புத்தகம்போல் மாணவர்க்கு இரவல் தரலாம்.