இரண்டு தேர்தல்களைத் தாண்டிய கெடு

மாண்புமிகு ஒன்றிய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்றத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அனல்மின் நிலையப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான வரம்பை 2015 டிசம்பர் 7 அன்று வகுத்தது தங்கள் அமைச்சகம்தான். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய வல்லூர் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று உள்ளன. அத்தகைய அலகுக்கு வரம்பு, கனமீட்டருக்கு 200 மில்லிகிராம். சுண்ணாம்புக்கல் கரைசலால் புகையைக் கழுவினால் கந்தகம் ஜிப்சமாகப் பிரிந்துவிடும். இந்த வரம்புக்குள் வரத் தரப்பட்ட கெடு இரண்டு ஆண்டு.

அந்தக் கெடு 2017இல் 2022 வரை தள்ளிப்போனது. 2021, 2022, 2024 ஆண்டுகளில் மறுபடி மறுபடி நீண்டது. 2025 ஜூலையில் ஏறத்தாழ 78 விழுக்காடு அலகுகளுக்கு அந்த விதியிலிருந்தே விலக்குக் கிடைத்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கும் 2027 டிசம்பர் வரை அவகாசம். இடையில் 2019, 2024 என இரண்டு மக்களவைத் தேர்தல்கள் வந்து போயின. வல்லூர் இருப்பது திருவள்ளூர் தொகுதி. அதன் தெற்கே உள்ள திருவொற்றியூரும் ராயபுரமும் வடசென்னைத் தொகுதி. இரு தொகுதி மக்களும் வாக்களித்தார்கள். கெடு மட்டும் அவர்களைக் கேட்காமலே அரசிதழில் மாறியது.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் அந்த வாயுவின் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணம். வாயு வாயுவாகவே நிற்பதில்லை. காற்றில் சல்பேட் நுண்துகளாக மாறி நுரையீரலின் அடிவரை இறங்குகிறது. வாயுவை மட்டும் அளந்துவிட்டுத் துகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அறிவியல் ஆகாது.

இதே மின்சாரத்துக்காக எரிந்த நிலக்கரியின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் அடியில் படிந்து கிடக்கிறது. எண்ணூரின் காட்டுக்குப்பத்து மீனவர் இறால் பிடிக்க இறங்கினால் சேற்றோடு சாம்பலும் காலில் அப்புகிறது. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன ஊர் இது. மூச்சுத் திணறும் குழந்தைக்கு அரசிதழ் தரும் அவகாசத்தால் ஒரு பயனும் இல்லை.

எண்ணூரில் சல்பேட் துகளை அளந்து, அந்த அளவை மாதந்தோறும் தமிழில் வெளியிட வேண்டும். 2027 டிசம்பரை இனி ஒரு நாளும் நீட்டக் கூடாது. 2029இல் வாக்குக் கேட்டு வருமுன் இதைச் செய்து முடிப்பது அமைச்சகத்தின் கடமை.