தங்கம் ஜரிகைக்கு மட்டும்தானா?

ஆரணி, கலசப்பாக்கம் பக்கம் தங்கம் என்றால் இரண்டே இடம்தான். ஒன்று கழுத்து, இன்னொன்று பட்டுப்புடவை ஜரிகை. மூன்றாவதாக ஓர் இடமும் இருக்கிறது மக்களே... ரத்த செல்!

சுமார் 60 நானோமீட்டர் தங்கத் துகள்களைச் செல்லின் மேல் ஒட்டவைத்து, சில நானோ நொடி மட்டும் லேசர் அடிக்கிறார்கள். துகள் சட்டென்று சூடாகி, சுற்றியுள்ள நீர் ஆவியாகிக் குமிழியாக வீங்கி உடைகிறது. அந்த வேகத்தில் செல்லின் சவ்வில் ஒரு துளை. அது மூடுவதற்குள் மருந்தோ மரபணுவோ உள்ளே போய்விடும். வெறும் சூட்டை விடக் குமிழிதான் செல்லுக்கு நல்லது என்று பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் 2014-ல் காட்டியது. சென்னை ஐஐடியில் துஹின் சுப்ர சாந்த்ரா குழுவும் லேசரால் செல்லைத் துளைக்கும் ஆய்வில் இருக்கிறது.

இதில் பணக்கணக்கு எங்கே வருகிறது?

ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சையில், நோயாளியின் செல்லுக்குள் மரபணுவைப் புகுத்த வேண்டும். இன்று அதைச் செய்வது பெரும்பாலும் வைரஸ். அதைத் தயாரிப்பது பெருஞ்செலவு. மும்பை ஐஐடியில் பிறந்த நெக்ஸ்கார்19, 2023-ல் அனுமதி பெற்றது. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்றாலும் பல லட்சம் ரூபாய். முதல்வர் காப்பீடோ குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்தான். தறியை விற்றாலும் மீதியைக் கட்ட முடியுமா?

தங்கம் விலை ஏறுகிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரு கிராமில் இந்த அளவுத் துகள்கள் சுமார் நாலரை கோடி கோடி கிடைக்கும்! செலவு தங்கத்தில் இல்லை. லேசர் கருவியிலும், பாதுகாப்புச் சோதனைகளிலும்தான்.

செல்லில் உலோகம் தங்கிவிட்டால்? நியாயமான கேள்வி. 2021-ல் கென்ட் குழு இரும்பு ஆக்சைடு துகள்களை நுண்ணிழைக்குள் பொதிந்து, அவை செல்லைத் தொடாமலே, லேசர் சூட்டால் மட்டும் துளையிட்டது. ஆக, வழி இருக்கிறது. ஆனால் ஆய்வகத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்குமான தூரத்தைக் கடக்கத் தனியார் முதலீடு மட்டும் போதாது. லாபம் வரும் வரை அது காத்திருக்காது.

அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும். பதிலுக்கு, அரசு மருத்துவமனையில் என்ன விலை என்பதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். வரிப்பணத்தில் பிறக்கும் மருந்து, வரி கட்டுகிறவனுக்கு எட்டாக்கனியாக இருந்தால் எப்படி?

சரிதானே? நீங்களே சொல்லுங்கள்.