மழை ஊரில் தண்ணீர் கேட்காத செடிகள்

மழைக்குப் பஞ்சமில்லாத ஊர் கோலாலம்பூர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. ஆனாலும் சாலாக் செலாத்தான் முதல் கிள்ளான் வரை வீடுகளில் வாளிகளை நிரப்பி வைக்கும் பழக்கம் போகவில்லை. 2020 செப்டம்பர் 3ஆம் தேதி ரவாங்கில் சுங்கை கோங் ஆறு மாசடைந்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. வாளித் தண்ணீர் சோற்றுக்கா செடிக்கா என்ற நிலை வந்தால், காய்வது செடிதான்.

ஆக, இங்கே சிக்கல் வறட்சி அல்ல. குழாயை மட்டுமே நம்பியிருப்பது. கடையில் விற்கும் குட்டிக் கள்ளிச்செடிகள் இதற்குத் தீர்வுபோல் தோன்றும். ஆனால், மாலை மழையில் தொடர்ந்து நனைந்தால் அவை வேரழுகிப் போகும்.

தோட்டப்புற வீடுகளில் பழகிய கற்பூரவல்லி, கற்றாழை, பிரண்டையே மேல். மூன்றும் இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைப்பவை. சில நாள் குழாய் நின்றாலும் தாங்கும். கற்பூரவல்லிக்குச் செலவே இல்லை. தெரிந்தவர் வீட்டில் ஒரு கிளை ஒடித்து ஊன்றினால் போதும், கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் பாட்டி தேடுவதும் அதைத்தான். மண்ணில் தாராளமாக மணல் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடலாம். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடவேண்டும். அரிசி கழுவிய தண்ணீரே போதும். கற்றாழையை மட்டும் மழை படாமல் கூரையோரம் வைப்பது நல்லது.

தொட்டித் தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். அடுக்குமாடியில் தட்டை எடுத்துவிட்டாலோ, கீழ்வீட்டுத் துணியில் அழுக்கு நீர் சொட்டிச் சண்டை வரும். தட்டில் மணலை நிரப்பிவிட்டால் இரண்டும் இல்லை.