புருஷன் சட்டை போதுமா?

மரக்காணத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு, பங்குனியில் போயிருந்தேன். எதிர் வீட்டு அக்கா, உப்பளத்தில் கூலி வேலை பார்ப்பவர். விடியும் முன்பே கிளம்பி விட்டார். புடவைக்கு மேல், புருஷனின் பழைய முழுக்கை சட்டை, தலையில் துண்டு.

மதியம் திரும்பியவரின் கையை பார்த்து, பதறி விட்டேன். முன்கை கன்றிக் கறுத்து, மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது.

'சட்டை போட்டுமா இப்படி?' என்றேன்.

'உப்பு வாரும் போது நனையுதுன்னு, கையை மடிச்சு விட்டுக்குவோம்மா... மேலே இருந்தும் வெயில், கீழே உப்புல பட்டும் வெயில். சட்டையும் துவைச்சு துவைச்சு, கொசுவலை மாதிரி ஆயிடுச்சு...' என்றார்.

டூவீலர் ஓட்டும் பெண்கள் மாட்டிக் கொள்கின்றனரே, அந்த ரெடிமேட் கை உறையை வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் திருப்பித் தந்து விட்டார். எலாஸ்டிக்குக்குள் உப்பு நீர் புகுந்து, வியர்வையோடு சேர்ந்து அரித்து, வளையல் போட்டது போல புண்! ஸ்கூட்டரில் அரை மணி நேரம் போகிறவர்களுக்கு தைத்ததை, நாளெல்லாம் பாத்தியில் நிற்பவருக்கு கொடுத்தது, என் தப்பு தான்.

நாத்தனாரின் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். உள்பாவாடைக்கு எடுக்கும் கருநீல பாப்ளின் தான் துணி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், மறுபக்கம் தெரியாத நெருக்கமான நெசவு தான் வெயிலை தடுக்கும். வெளிர் நிறத்தை விட, அடர் நிறம் நல்லது. ஆனால், பருத்தி நனைந்தால் தடுப்பு குறையும் என்பதால், முழங்கைக்கு கீழே இரட்டைத் துணி கொடுத்தேன். எலாஸ்டிக் கிடையாது. காற்றுப் புக தொளதொளவென விட்டு, மேலே நாடா வைத்தேன். இரண்டு கையையும், முதுகுப் பக்கம் ஒரு பட்டையால் இணைத்ததில், நழுவவில்லை.

கட்டை விரலுக்கு ஓட்டை வைத்திருந்தேன். 'உப்பு அங்கே தான்மா போய் உட்காரும்...' என்று, அதை அவரே பிளேடால் அறுத்து, புறங்கையை மூடும்படி, நாக்கு மாதிரி விடச் சொன்னார். எனக்கு வருமா, இந்த யோசனை!

விலை உயர்ந்த கை உறைகளில், 'யு.பி.எப்., 50' என்று போட்டிருக்கும். புற ஊதா கதிரில், 50ல் ஒரு பங்கு தான் உள்ளே போகும் என்று அர்த்தம். நம் பாப்ளினுக்கு அப்படி சோதித்த சீட்டு எதுவும் இல்லை. ஏதாவது ஒரு கல்லூரி ஜவுளித் துறை, சோதித்து சொன்னால் என்ன? தையல் பயிற்சியில் பிளவுசும், நைட்டியும் கற்றுத் தருபவர்கள், இதையும் ஒரு பாடமாக வைக்கலாம். தைக்கும் கூலியை, உப்பள முதலாளிகள் தான் கொடுக்க வேண்டும். அவர்கள் உப்புக்குத் தானே அந்தக் கை வேகிறது? தமிழக அரசு, 2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இந்தக் கைகளும் அந்தக் கணக்கில் வர வேண்டாமா!

இப்போது, மேலும் நான்கு ஜோடி கேட்டிருக்கின்றனர். பின்கழுத்தும் எரிகிறதாம், பட்டையோடு ஒரு காலர் சேர்க்க முடியுமா என்கின்றனர். அடுத்த வாரம் அளவெடுக்க போகிறேன்.

— ஒரு வாசகி, திண்டிவனம்.